ஒருநிமிஷம் மேடம்

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்துகிறாள். வாசலில் நிற்பவர் மேனேஜராக இருக்கலாம், பாய்லர்காரராக இருக்கலாம், சொந்த அண்ணியாகவே இருக்கலாம். எல்லாருக்கும் அதே விரல்தான், அதே வார்த்தைதான். "ஒரு நிமிஷம்." அந்த ஒரு நிமிஷம் எப்போது முடியும் என்று அவளுக்கும் தெரியாது, அவள் முன்னால் உறுமிக்கொண்டிருக்கும் சர்வருக்கும் தெரியாது. நின்று நின்று கால் கடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் 'ஒருநிமிஷம் மேடம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அதுவும் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும்.

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் காய்ச்சல்காரி என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். இடம் கிடைத்தால் நல்லதுதானே என்று அவளும் இருமி வைப்பாள். சர்வர் அறை அவ்வளவு குளிர். ஸ்வெட்டரின் இடது பையில் ஒரு குட்டி டார்ச், வலது பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டிலும் புதினா மிட்டாய். அறைக்குள் போகுமுன் கதவை இரண்டு முறை தட்டுவாள். உள்ளே ஆள் யாரும் கிடையாது. கேட்டால், "தூங்குறவன திடுதிப்புனு எழுப்பக் கூடாதுப்பா" என்பாள். சர்வரை அவள் கூப்பிடுவது 'ராசா' என்று. கோபம் வந்தால் மட்டும் 'மாப்ள'. மாப்ள என்று குரல் கேட்டால் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

அது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை ஆலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆப்பரேஷன் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக ஒரு பக்கம் வந்து இறங்கும். மறுபக்கம் மடித்து, சூடு ஆறாமல் வண்டி ஏறும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரையும், சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குச் சொந்த மூளை கிடையாது. ஆலை முழுவதற்கும் ஒரே மூளை, அது அவளுடைய ராசா. யார் எந்த மேசையில் பெயரைத் தட்டி உள்ளே வந்தாலும் நிஜத்தில் அவர்கள் வேலை செய்வது அவனுக்குள்ளேதான்.

அதனால் ராசாவை நிறுத்தி எழுப்புவதென்றால் ஆலையே அவனுக்குள்ளிருந்து வெளியே வந்தாக வேண்டும். பத்து நிமிஷத்துக்கு முன்பே எல்லாத் திரையிலும் அறிவிப்புப் போடுவாள். ஒருவரும் அசைய மாட்டார்கள். அறிவிப்பு வந்த சுவடே தெரியாமல் மூடிவிட்டு மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் என்ன, ஸ்வெட்டரோடு கிளம்பிவிடுவாள். நீராவி ஹால், பிழியும் ஹால், மடிக்கும் ஹால் என்று வியர்த்து வழிய வழிய நடந்து, "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க! வண்டி கெளம்பப் போகுது!" என்று கூவுவாள். புதிதாக வந்தவர்கள் தீ பிடித்துவிட்டதென்று வாசலுக்கே ஓடியதும் உண்டு.

வேலையில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். சர்வருக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அவள் கைக்கு மனப்பாடம். கீழே இடது மூலை, மேலே நாலாவது வரி, அதற்குள் இரண்டாவது கதவு என்று விரல் தானாகப் போகும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். "படிச்சுப் படிச்சு அமுக்குறவன் எப்ப வேலைய முடிக்கிறது?" என்பது அவள் கட்சி. இந்தக் கட்சி அவளை எந்த இடத்தில் காலை வாரியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் அண்ணியைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். வீட்டில் இவளும் அண்ணியும்தான். அதே ஆலையில், கடைசி வாசலில், வண்டி ஏறும் மூட்டைகளைச் சரிபார்த்து அனுப்புவது அண்ணியின் வேலை. மூட்டையைத் தொட்டதும் ஈரம் பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். தமிழ் வாரப்பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை விளம்பரம் உட்பட வாசிப்பாள். ஆனால் திரையில் வருவது ஆபீஸ் பாஷையான இங்கிலீஷ். அது அவளுக்கு சுத்தமாக ஆகாது. வாசலில் அவளோடு நிற்கும் வங்காளி அண்ணன் தம்பிகளுக்கும் ஆகாது, கிழிசல் பார்க்கும் தையல் மாஸ்டருக்கும் ஆகாது. மாஸ்டர் எழுதுவதும் படிப்பதும் உருது மட்டும்தான்.

ஆகவே வாசலில் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. திரையில் எந்தக் கேள்விப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் இடது பக்கம் தட்டு! புதிதாக வருகிற ஆளுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான். "என்னவோ கேக்கும், இடது பக்கம் தட்டு, போயிடும்" என்பாள் அண்ணி. தட்டினால் போய்விட்டது. வருஷக்கணக்காக அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் போகவில்லை. கிருமிநீக்கம் முடியாத ஒரு மூட்டை வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. நல்லவேளை, அங்கே ஒரு நர்ஸ் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மூட்டை வாசலில் நின்றபோதே திரை கேட்டிருக்கிறது, கிருமிநீக்கம் ஆகவில்லை, அப்படியே அனுப்பலாமா என்று. இடது பக்கம் இருந்தது 'ஆம்'. தட்டியது அண்ணியின் விரல்.

மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். பயம் வந்தால் சட்டம் போடுவார். "திங்கக்கிழம காலைல நானே வாசல்ல நிப்பேன். திரையில வர்றத யார் படிச்சுச் சொல்றாங்களோ அவங்க இருக்கட்டும். மத்தவங்க வீட்டுக்குப் போகட்டும். படிக்கத் தெரியாதவங்க கேட்ல நிக்கவே கூடாது" என்றார்.

அண்ணி அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என்னைய வீட்டுக்கு அனுப்பினா உனக்குத்தான் ஆபத்து. நாள் முழுக்க உன் அலமாரியத்தான் அடுக்குவேன். அப்புறம் ஒரு சாமான் உன் கைக்கு ஆப்படாது, பாத்துக்க." சொன்னவள் தட்டில் கை வைத்தபடியே இருந்தாள். பருக்கை உள்ளே போகவில்லை. அண்ணி இல்லாத ஆலையையும், வேலையில்லாத அண்ணியையும் இவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குள் இவளே போய் நின்றாள். மேனேஜர் போனில் இருந்தார். விரலை உயர்த்தி அவளை நிறுத்தப் பார்த்தார். அவள் நிற்கவில்லை.

"சார், அவங்களுக்குப் படிக்கத் தெரியும்."

"அப்புறம் ஏன் படிக்கல?"

"சர்வருக்குத்தான் சார் தெரியல. நம்ம ப்ரோக்ராம் தமிழ் பேசும், வங்காளம் பேசும், உருதும் பேசும். செஞ்சு குடுத்தவங்க எல்லாத்தையும் உள்ள வெச்சுத்தான் குடுத்திருக்காங்க. ஆனா சர்வர் எந்த பாஷையில நிக்குதோ அந்த பாஷையிலதான் அது வாயத் தொறக்கும். ராசாவுக்கு ஒரே ஒரு பாஷைதான் தெரியும். மிச்சத்த ஏத்திட்டா, உள்ள வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பாஷையில காட்டுவான்."

"இத ஏன் முன்னாடியே செய்யல?"

யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. "ஞாயித்துக்கிழம ஆலைக்கு லீவு. ஒரு நாள் குடுங்க சார். திங்கக்கிழம நீங்க தாராளமா வாசல்ல நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள். மேனேஜர் தலையாட்டினார். முடியாவிட்டால் சட்டம் சட்டம்தான் என்றும் சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை இரண்டு தட்டு தட்டி உள்ளே போனாள். துணைக்கு அண்ணியும் வந்தாள். ஸ்வெட்டர் இல்லாததால் மடிக்கும் ஹாலிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, நோயாளி மாதிரி மூலையில் உட்கார்ந்தாள்.

மொழிகளை ஏற்றுவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. மூன்றையும் சேர்த்து ஏற்ற மாட்டாள். "ஒரே வாயில திணிச்சா ராசாவுக்கு செரிக்காது" என்று ஒன்றை ஏற்றி, நிறுத்தி எழுப்பி, எழுந்தானா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. முதலில் தமிழ், அடுத்தது வங்காளம், கடைசியில் உருது. ஒவ்வொரு முறையும் நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைவதை இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார்கள். "அடுப்புல ஒலை வெச்ச மாதிரி இருக்கு" என்று அண்ணி கொட்டாவி விட்டாள். மத்தியானத்துக்குள் மூன்றும் உள்ளே போய்விட்டன. ஒரு தகராறும் இல்லை. இவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி? வெண்ணெயில கத்தி!"

அங்கேதான் கை முந்திக்கொண்டது. எதற்கும் கஷ்டமானதை முதலில் சோதித்துவிடுவோம் என்று தன் சொந்தக் கணக்கையே உருதுக்கு மாற்றினாள். மாற்றும்போது ஒரு சின்னப் பெட்டி வந்தது. இதை நுழைவுத் திரைக்கும் மற்ற எல்லாருக்கும் சேர்த்தே வைக்கலாமா என்று கேட்டது. வாய் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தது, கை பழக்கப்பட்ட இடத்தில் டிக் போட்டு ஒரு தட்டுத் தட்டியது. எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? இடது பக்கம்!

சர்வர் எழுந்தபோது நுழைவுத் திரையிலிருந்து கடைசிக் கோடு வரை உருது. அதுகூடப் பரவாயில்லை. உருது வலமிருந்து இடம் போகும் எழுத்து. எழுத்தோடு சேர்ந்து திரையே திரும்பி உட்கார்ந்துவிட்டது. இடது மூலையில் இருந்தது வலது மூலையில். வலப்பக்கம் திறந்த கதவு இடப்பக்கம். அவள் விரல் கீழே இடது மூலைக்குப் போனது, அங்கே கடிகாரம் இருந்தது. நாலாவது வரிக்குப் போனது, வேறெதுவோ திறந்தது. பயந்து மூடினாள். இன்னொன்று திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிற கைக்கு, கண்ணைத் திறந்தும் வழி தெரியவில்லை.

மாஸ்டரைக் கூப்பிட்டாள். போன் அணைந்து கிடந்தது. மறுபடி கூப்பிட்டாள். அணைந்தேதான் கிடந்தது. "மாப்ள!" என்று சர்வரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். அப்புறம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை ஆலை முழுக்க இப்படித்தான் எழும். மாஸ்டர் ஒருவரைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. காப்பாற்றக் கிளம்பியவளே கவிழ்த்துவிட்டாள். அவள் கண் கலங்கியதை அண்ணி பார்த்துவிட்டாள்.

"என்ன தட்டின?"

"படிக்காமத் தட்டிட்டேன் அண்ணி."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பொங்கிவந்த சிரிப்பை அடக்க முடியாமல் கம்பளியைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்குப் போலாம், வா!" இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. அண்ணி எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "இது என்னடீ, எல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் மாறி நிக்குது?"

"அண்ணி!" இவள் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. "கண்ணாடி! டிரஸ் மாத்துற ரூம்ல பெரிய கண்ணாடி இருக்கில்ல?"

அதைச் சுவரிலிருந்து கழற்ற ஸ்வெட்டர் பையின் ஸ்க்ரூடிரைவர் உதவியது. சர்வர் அறையில் அன்று நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. மடியில் ஒரு பலகை, பலகை மேல் மவுஸ். எதிரே கம்பளி போர்த்திய இன்னொருத்தி ஆளுயரக் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்குள் எல்லாம் அதனதன் பழைய இடத்தில் இருந்தது! இடது மூலை இடது மூலையில், நாலாவது வரி இடப்பக்கமாக. எழுத்து புரியாவிட்டால் என்ன, இடம் புரிந்துவிட்டதே! மவுஸ் மட்டும் முரண்டு பிடித்தது. கை வலப்பக்கம் போனால் அம்பு இடப்பக்கம் போனது.

"தலை சீவக் கண்ணாடி புடிச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி புடிக்கிறது இன்னைக்குத்தான். சீக்கிரம்டீ, கை கழண்டுரும்."

"ஒரு நிமிஷம் அண்ணி."

"உன் ஒரு நிமிஷத்துல இடி விழ!"

நாலாவது வரி. இரண்டாவது கதவு. அதற்குள் இன்னொரு கதவு. மொழிகளின் வரிசை திறந்தது. அந்த வரிசையில் ஒவ்வொரு மொழியும் தன் பெயரைத் தன் எழுத்திலேயே எழுதிக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்குள் ஏதோ பழகிய சுழிப்பு, ஆனால் புரண்டு கிடந்தது. சட்டென்று திரும்பித் திரையைப் பார்த்தாள். புரியாத எழுத்துகளுக்கு நடுவே மூன்றே எழுத்து, நேராக, தெளிவாக. தமிழ். அடேயப்பா, அந்த மூன்றெழுத்தைப் பார்த்து அவள் அன்று அடைந்த சந்தோஷத்தைப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக அதை எழுதியபோதுகூட அடைந்திருக்க மாட்டாள்.

ஆபீஸ் பாஷை அதற்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அவள் தமிழைத் தட்டினாள். ராசா நின்று எழுந்தான். திரை நேராக உட்கார்ந்தது. 'வரவேற்கிறோம்' என்றான். அதே சின்னப் பெட்டி மறுபடியும் வந்தது. இந்த முறை கையை மடியில் கட்டி வைத்துக்கொண்டு, தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை அண்ணிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள். அப்புறம்தான் தட்டினாள். நுழைவுத் திரையும் பழையபடி நேராக நின்றது. உள்ளே வருகிறவர் தன் மொழியைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது.

திங்கட்கிழமை காலை வாசலில் சொல்லித்தர அவளுக்கு வேலையே இருக்கவில்லை. வரிசையைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். வங்காளி அண்ணன் தம்பிகள் தங்கள் எழுத்தைக் கண்டதும் ஒருவர் தோளை ஒருவர் குத்திக்கொண்டார்கள். மாஸ்டரிடம் மட்டும் ஓடிப்போய், "மாஸ்டர், பழைய ஞாபகத்துல இடது பக்கம் தட்டிடாதீங்க. உங்களுக்குத் திரையே திரும்பி நிக்கும்" என்றாள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை ஆற அமரப் பார்த்தார். "எனக்கு இத்தன நாளாத்தாம்மா திரும்பி நின்னுச்சு. இன்னைக்குத்தான் நேரா நிக்குது" என்றார்.

மேனேஜர் சொன்னபடியே வந்து நின்றார். சோதிப்பதற்கென்றே கிருமிநீக்கம் ஆகாத மூட்டை ஒன்றை அண்ணியின் மேசைக்கு அனுப்பினார். பெட்டி வந்தது. பழக்கதோஷம், அண்ணியின் விரல் இடது பக்கம் கிளம்பிவிட்டது. விரல் பாதி வழியில் நின்றது. அண்ணி உதட்டை அசைத்துப் படித்தாள். அப்புறம் பத்திரிகைத் தொடர்கதை வாசிக்கிற குரலில், ஹாலுக்கே கேட்கும்படி படித்தாள். "இந்த மூட்டைக்குக் கிருமிநீக்கம் முடியவில்லை. அப்படியே அனுப்பலாமா?" அவள் முகம் மாறியது. "அட பாவமே, இத்தன நாளா இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சா? நான் பாட்டுக்கு அனுப்பு அனுப்புன்னுல்ல தட்டியிருக்கேன்!" வலது பக்கம் போய் 'இல்லை'யை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். மூட்டை திரும்பி உள்ளே போனது. மடிக்கும் ஹாலில் யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் நீராவி ஹால் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அடுத்து மாஸ்டர், அடுத்து அண்ணன் தம்பிகள். அவர்கள் படித்தது மேனேஜருக்குப் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டையும் எங்கே திரும்பியது என்பது புரிந்தது. வீட்டுக்குப் போங்கள் என்று அவர் யாரையும் சொல்லவில்லை. சாயங்காலம் சர்வர் அறைக் கதவில் இரண்டு தட்டு கேட்டது. அந்தக் கதவை அவளைத் தவிர யாரும் தட்டியதே இல்லை. "ஏம்மா, என் திரையிலயும் தமிழ் வருமா?" என்று மேனேஜர் தலையை நீட்டினார். அவள் விரலை உயர்த்தினாள். அவர் நின்றார்.

அதற்கப்புறம் ஒரு நாள் ராசாவை நிறுத்தி எழுப்ப வேண்டி வந்தது. பத்து நிமிஷ அறிவிப்பைப் போட்டாள். போட்ட கையோடு, பழக்கத்தில், ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு கூவக் கிளம்பிவிட்டாள். நீராவி ஹாலில் திரைகள் எல்லாம் நுழைவுப் பக்கத்தில் நின்றன, ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பிழியும் ஹாலிலும் அப்படியே. மடிக்கும் ஹாலில் ஒருவர், "என்ன மேடம், நாங்கல்லாம் எப்பவோ வெளிய வந்தாச்சு" என்றார். கூவுவதற்குத் திறந்த வாயில் ஒரு புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கடைசி வாசலில் மட்டும் ஒரு திரை இன்னும் வேலையில் இருந்தது. அண்ணி அதற்கு முன்னால் குனிந்து, அறிவிப்பை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வெளிய வாங்க, நேரமாகுது."

அண்ணி திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்தினாள்.